பட்டன் கேட்ட ஸ்டூடியோ அக்கா

"ஒரு பட்டன் வச்சா இவங்க குடியா முழுகிப்போயிடும்?"

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதறவங்களை ஸ்டூடியோ அக்கா இப்படித் திட்டாத நாளே கிடையாது. போட்டோ ஸ்டூடியோவுல படம் எடுக்கறது வீட்டுக்காரர், மத்த எல்லாம் அக்கா: வெட்டறது, திருத்தறது, பிரிண்ட் போடறது, வீட்டுக்காரரைத் திட்டறது. கடை கம்ப்யூட்டர் கிழடு தட்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், சர்வர் கம்பெனியில வேலை பாக்கற அவங்க தம்பி வந்து, பழைய மிஷின்லயும் ஓடற லினக்ஸைப் போட்டான். போட்டவன் சும்மா போனானா? டெர்மினல்னு, அமுக்க ஒரு பட்டன்கூட இல்லாத கறுப்புத் திரையைத் திறந்து காட்டி, பெரிய மேதாவி மாதிரி மூக்கால பேசினான்.

"ரொம்ப சிம்பிள்க்கா. நீ டைப் அடிச்சாப் போதும், அது செஞ்சிடும்."

"அப்புறம் ஏன்டா அது என்னைப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே நிக்குது?"

திட்டிக்கிட்டேதான் கத்துக்கிட்டாங்க. கல்லு மாதிரி உக்காந்து ஒவ்வொரு படமா இழுத்துப் போட்ட வேலையெல்லாம், ஒரே வரி கமாண்டுல தண்ணியா ஓடுச்சு. அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துச்சு. "ஏங்க, நீங்க ஒரு படத்தைத் தேடறதுக்குள்ள நான் ஒம்பது ஃபோல்டரைச் சுத்தி வந்துடுவேன்"னு வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்குவாங்க.

அன்னைக்குப் பள்ளிக்கூட வேலை. பரீட்சை அடையாள அட்டைக்குப் பிள்ளைங்க படம். எடுத்து முடிச்சதும் லீவு விட்டாச்சு, பிள்ளைங்க திசைக்கு ஒண்ணாப் பறந்தாச்சு. தலைமை டீச்சர் நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாங்க. அக்கா விரலைச் சொடுக்கிட்டு, 'ஒவ்வொரு படமா எடுத்து அட்டைங்கற ஃபோல்டர்ல போடு'ன்னு ஒரு கமாண்டு அடிச்சாங்க.

அட்டைன்னு ஒரு ஃபோல்டரே இல்ல. அதை உருவாக்க மறந்தாச்சு.

கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சு? முதல் படத்துக்கே அட்டைன்னு பேர் வச்சுது. ரெண்டாவதுக்கும் அதே பேரை வச்சு, முதல் படத்து மேலயே உக்கார வச்சுது. அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா, பள்ளிக்கூடம் முழுக்க நசுங்கி, கடைசியில மிஞ்சினது ஒரே ஒரு ஓட்டைப்பல் பையன். திரையில ஈன்னு இளிச்சுக்கிட்டிருந்தான்.

"ஏங்க! கேமரா கார்டுல படம் இருக்குல்ல?"

"காப்பி பண்ண உடனேயே எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. சுத்தமா வச்சிருக்கேன்"னு பெருமையாச் சொன்னார் வீட்டுக்காரர்.

தம்பிக்குப் போன் போட்டா, "போச்சுக்கா. எதையும் தொடாத. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"ஏன்டா, 'அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையே தாயி'ன்னு அது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்காதுக்கா. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்."

போனை வச்சிட்டு அக்கா கேமராவைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டாங்க. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகினாங்க. "கேமராவை யாரும் தொடக்கூடாது. அழிச்ச படம் இன்னும் கார்டுலயேதான் கிடக்கும். புதுசா ஒரு படம் எடுத்தாலும் பழசு மேலதான் உக்காரும்."

கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கற கையேட்டை இத்தனை நாள் அக்கா ஒரு எட்டு பாத்துட்டு ஓடிடுவாங்க. இன்னைக்கு வரி விடாமப் படிச்சாங்க. கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்தாங்க. கைவைக்கறதெல்லாம் நகல்லதான், கார்டை ஓரமா வச்சாச்சு. அழிஞ்ச படத்தைத் தோண்டி எடுக்கற புரோகிராமை இறக்கி அந்த நகல்மேல ஓட விட்டாங்க. ஒவ்வொரு முகமா மேல வந்துச்சு. ஆனா எதுக்கும் பேர் இல்ல, வரிசையும் இல்ல.

படத்துக்குள்ள எடுத்த நேரம் பதிஞ்சிருக்கும்ல? அதை வச்சு வரிசைப்படுத்தி, பள்ளிக்கூடம் அனுப்பின பேர் வரிசையோட சேர்க்க ஒரு கமாண்டு எழுதினாங்க. இந்தத் தடவை உடனே ஓட விடல. 'செய்யாத, என்ன செய்யப்போறேன்னு மட்டும் சொல்லு'ன்னு கமாண்டு முன்னாடி ஒரு வார்த்தை சேர்த்தாங்க. அது ஒப்பிச்சதைப் படத்தோட வச்சுப் பாத்தா, பாதி வரைக்கும் சரி. அதுக்கப்புறம் பொண்ணு பேர்ல பையன், பையன் பேர்ல பொண்ணு.

அக்கா அந்த ஓட்டைப்பல்லையே முறைச்சுப் பாத்தாங்க. "ஏங்க, இவனுக்குத்தானே விக்கல் நிக்கலன்னு, கடைசியில வாடான்னு அனுப்பினீங்க?"

"ஆமா. தூக்கித் தூக்கிப் போட்டுச்சு அவனுக்கு."

பட்டியல் நடுவுல இருந்த அவன் பேரை வெட்டிக் கடைசியில ஒட்டினாங்க. மறுபடியும் ஒப்பிக்கச் சொன்னாங்க. முகமும் பேரும் அச்சாப் பொருந்துச்சு. அப்புறம்தான் என்டர் தட்டினாங்க. முன்னாடியே ஃபோல்டரை உருவாக்கி, அது இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டு!

தலைமை டீச்சர் வந்து, "ஆச்சாம்மா?"ன்னு குரலை இழுத்தாங்க. "எப்பவோ ஆச்சு மேடம்"னு அட்டைக் கட்டைத் தூக்கிக் குடுத்தாங்க அக்கா, பிரிண்டர் சூடு ஆறாம.

அப்புறம்தான் தம்பி லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடி வந்தான். திரையைப் பாத்தான், அக்காவைப் பாத்தான். மூக்கால பேச்சு வரல. "தப்பு என்மேலதான்க்கா. இனிமே இந்த வம்பே வேணாம். பட்டன் வச்ச புரோகிராம் ஒண்ணு போட்டுத் தர்றேன்."

"பட்டனை நீயே வச்சுக்கோடா! இந்தக் குடும்பத்துல நான் சொல்றதை மறுபேச்சுப் பேசாமக் கேக்கறது இது ஒண்ணுதான். அதுக்குச் சரியாச் சொல்ல இப்பத்தான் நானே கத்துக்கிட்டிருக்கேன், நடுவுல நீ யாரு பட்டன் வைக்க?"