மூணு பொருள், நூறு ரூபாய்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மளிகைக் கடையில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பில் போடும் பெண் என் மூன்று பொருள்களையும் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பெரிய மனுஷியாக நான் மனக்கணக்குப் போட்டு ஒரு தொகை சொன்னேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும்தான் தெரிந்தது, பத்து ரூபாய் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். பைக்குள் சலவை சோப்பும் துவரம்பருப்பும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையில் எனக்கு எப்போதும் இருபத்துமூன்று வயது.

அப்போது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், ஜவுளிக் கடை மாடியில், ஒரு கேபிள் சேனல் இருந்தது. நான் அங்கே தொகுப்பாளினி. ரோஸ் பவுடர், கடன் வாங்கிய பட்டுப்புடவை, ஓயாத சிரிப்பு. சனிக்கிழமை நாலு மணிக்கு நேரலையாக 'மூணு பொருள், நூறு ரூபாய்' நடக்கும். மேஜையில் ஏழு மளிகைச் சாமான். விலை எழுதிய அட்டைகள் கவிழ்ந்திருக்கும். வந்தவர் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டினால் தொண்ணூற்றைந்துக்கு மேல், நூற்றைத் தாண்டாமல் வந்தால் மிக்ஸி. தாண்டினால் பிளாஸ்டிக் வாளி.

கரும்பலகையில் கூட்டிக் காட்டுவது என் வேலை. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தமிழ் இலக்கியம் படித்தவள். கணக்குக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை லால்குடியிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். கூடவே கணவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். அக்கா யோசிக்கவே இல்லை. அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் காப்பித்தூள், சின்ன பாட்டில் நல்லெண்ணெய் என்று விரலை நீட்டினார். முப்பத்தெட்டு, இருபத்தேழு, முப்பத்துமூன்று. நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட்டி, நூற்றெட்டு என்று எழுதினேன். சைக்கிள் ஹாரன் 'பாம்' என்றது. தோற்றவர்களுக்கு அதுதான் எங்கள் இசை.

அக்கா பலகையைப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டுதானேம்மா வருது?"

"போர்டு பொய் சொல்லாதுங்க்கா!" என்று சொல்லி வாளியைக் கையில் கொடுத்தேன். கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற கணவர், "விடு, உனக்கு என்னைக்குக் கணக்கு வந்துச்சு?" என்றது மைக்கில் விழுந்தது. சந்தில் இறங்கும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

விளம்பரம் ஓடத் தொடங்கியதுமே போன் அலறியது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர்: "ஏம்மா, எட்டும் ஏழும் மூணும் பதினெட்டு. ஒண்ணு மிச்சம். அந்த ஒரு ஒண்ணை எத்தனை தடவைம்மா சேப்பே? பெருமாள் பாத்துண்டிருக்கார்!" அடுத்து உறையூர், அதற்கடுத்து காந்தி மார்க்கெட் வெங்காயக் கடை. எனக்குப் பவுடர் கரைந்து வழிந்தது.

"அடுத்த வாரம் ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்" என்றார் சேனல் நடத்தியவர். எனக்கு அந்தக் கணவரின் குரல்தான் காதில் நின்றது. மிக்ஸி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதே பட்டுப்புடவையில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினேன். கண்டக்டர் கேட்டார்: "கல்யாணச் சீராம்மா?"

அக்கா வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். கணவர் விளக்கிக்கொண்டிருந்தார்: "டிவிக்காரங்க தப்பாப் போடுவாங்களா?" அக்கா அந்தப் புது வாளியில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. தொண்ணூத்தெட்டுதான். மன்னிச்சிருங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கணவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அக்கா பெட்டியைத் தொடவில்லை. "மிக்ஸி இருக்கட்டும்மா. ஊரே பாத்துச்சுல்ல? ஊர் பாக்க நானே அந்த போர்டுல கூட்டிக் காட்டணும்."

அடுத்த சனிக்கிழமை காட்டினார். சாக்பீஸை வாங்கி, ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லி, மிச்சம் வந்த ஒன்றை மேலே சின்னதாக எழுதி வட்டம் போட்டார். பக்கத்தில் நான் கைகட்டி நின்றேன். கணவர் கேமராவில் தன் முகம் விழுவதுகூடத் தெரியாமல் கை தட்டினார். அதற்கப்புறம் பலகை அக்காவுடையது, வாராவாரம் சம்பளத்தோடு. நான் சிரிப்பதோடு சரி. ஆட்டமும் அப்போதிருந்துதான் உருப்பட்டது.

அதை நிறுத்தியது விலைவாசிதான். எந்த மூன்றை எடுத்தாலும் நூற்றைத் தாண்டியது. சேனல்காரர் பாக்கெட்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஐம்பது கிராம் பருப்பு மேஜைக்கு வந்தது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, நேரலையிலேயே கேட்டார்: "இதை வச்சு யாருக்கு சார் சமைக்கிறது?" அத்தோடு முடிந்தது. சேனலையும் பிறகு மூடிவிட்டார்கள்.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். சந்து முழுக்க ஏசி போட்டு ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறார்கள். அப்போது வெக்கை தாங்காமல் ஸ்டூடியோ ஜன்னலைத் திறந்தே வைத்திருப்போம். மூன்றாவது அட்டையைத் திருப்பியதும், அக்கா எழுதி முடிக்குமுன், எதிர் வீட்டிலிருந்தும் பின் சந்திலிருந்தும் "தொண்ணூத்தாறு!" "இல்ல, தொண்ணூத்தேழு!" என்று குரல்கள் வந்து விழும். "மைக்ல ஏறுது, ஜன்னலைச் சாத்துங்க" என்பார் சேனல்காரர்.

நாங்கள் ஒரு வாரம்கூடச் சாத்தியதில்லை.