உப்புக் கரித்த மூலை

பாவோலின் முழங்காலை முறித்தவன் நான்தான்.

அவர் தவறி விழுந்தார் என்று துபாயில், தேராவில் எல்லோரும் நம்பினார்கள். பழைய காயம் என்றார் டாக்டர். வயதாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். மூன்றுமே உண்மையல்ல! உண்மை என் நாக்குக்கு மட்டும் தெரியும். இத்தனை வருடமும் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். இன்று உங்களிடம் அவிழ்த்து விடுகிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். பாதியில் எழுந்து போகாமல் கேட்டால் போதும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தயாரித்துக்கொண்டிருந்த நான், அந்தத் தேராவில் ஓர் ஐஸ் பேக்டரிக்கு ஆபரேட்டராகப் போனேன். ஊரே வெயிலில் வேகும். நான் மட்டும் கம்பளிக் குல்லாயோடு டியூட்டிக்குக் கிளம்புவேன். பாலைவனத்துக்கு வந்து குளிரில் நடுங்கிச் சம்பாதிக்கிறவன் நீ ஒருத்தன்தான் என்று ரூமில் கிண்டல் செய்வார்கள்.

அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மீன்காரர்களுக்கு நான் ஐஸ்வாலா. போர்மேனுக்கு 'ஏய்'. சில நாள் இரவில் படுத்துக்கொண்டு என் பெயரை நானே சொல்லிப் பார்த்ததுண்டு... முத்து, முத்து என்று. சிரிக்காதீர்கள்.

அப்போதுதான் பாவோல் வந்தார்.

புதுக் கம்ப்ரசர்கள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றைப் பொருத்திக் கொடுக்க செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கூடவே வந்தவர் அவர். முப்பதைத் தாண்டிய வயது, கதவை அடைத்து நிற்கும் உடம்பு, முன்பற்கள் இரண்டும் கட்டியவை. முதல் நாளே என் பெயரைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, ஸ்பானரைத் திருகிக்கொண்டே 'முத்து, முத்து' என்று சொல்லிப் பழகினார். யாராவது அவரைச் செக் இனத்தவர் என்றால், இல்லை, ஸ்லோவாக் என்று திருத்துவார். என்னை மதராசி என்றால், இல்லை, தூத்துக்குடி என்று நான் திருத்துவேன். அந்த ஒரு வீம்பிலேயே இருவரும் ஒட்டிக்கொண்டோம்.

அவருடைய உண்மையான தொழில் கம்ப்ரசர் அல்ல. உறைந்த ஐஸ் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி! அவருடைய ஊர் ஆலையில் மெக்கானிக் என்று பெயருக்குச் சம்பளம். வேலையெல்லாம் ஆலையின் குழுவுக்கு ஆடுவது. உறைந்த குளத்தில் ஆடத் தொடங்கிய பையன், மீசை அரும்பும் முன்பே குழுவில் சேர்ந்திருக்கிறார். கோல் போடுகிறவர் அல்ல. கோல் விழாமல் தடுக்கிறவர். கல்லைப் போலப் பறந்து வரும் ரப்பர் வட்டைத் தன் உடம்பைக் குறுக்கே போட்டு நிறுத்துகிறவர். பற்கள் போனது அப்படித்தான். பிறகு முழங்காலில் அடி... அடுத்த வருடம் இளைஞன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இவரைக் கம்ப்ரசர் பெட்டிகளோடு கப்பலேற்றிவிட்டார்கள்.

ஆனால் மனிதர் ஆட்டத்தை விடவில்லை. ஆஸ்திரியாவில் சின்னக் குழு ஒன்று, கால் தேறிவிட்டால் வரும் குளிர்காலத்துக்கு வா என்று சொல்லியிருந்தது. பெட்டியின் அடியில், இரும்புக் கத்தி பதித்த சறுக்குச் செருப்புகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஐஸே இல்லாத நாட்டுக்கு!

ஐஸ் என்னிடம் இருந்தது.

புதிதாகக் கட்டிய ஐஸ் ரூம் ஒன்று சரக்கில்லாமல் காலியாகக் கிடந்தது. வியாழன்தோறும் அதன் தரையில் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி உறைய வைப்பேன். வெள்ளிக்கிழமை பகல், பேக்டரி ஓய்ந்திருக்கும்போது அவர் வருவார். பேக்கிங் ரப்பரில் வெட்டிய வட்டு, பெட்டிப் பலகையில் செய்த மட்டை. நான் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு எதிரணி!

"முத்து, யூ பார்வர்டு. ஐ டிபென்ஸ். யல்லா!"

நான் வட்டைத் தள்ளிக்கொண்டு தடுமாறி வருவேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கிப் போவார். தடுக்கிறவன் முதுகைக் காட்டக் கூடாதாம். வருகிறவனின் கண்ணை விடாமல் பின்னாலேயே போக வேண்டுமாம். அந்த நாட்டில் என் கண்ணைப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். இதை நட்பு என்பதா? வேறு பெயர் உண்டா? எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்காக நான் மற்ற நாட்களைத் தள்ளினேன் என்பது மட்டும் தெரியும்.

ஐஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை ஊற்றி, உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறக்கித்தான் உறைய வைப்போம். கேனில் பொத்தல் விழுந்தால் உப்பு உள்ளே கசியும். அந்த ஐஸ் பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் இறுகாது, காலை வைத்தால் பொதபொதவென்று அமுங்கும். அதனால் சில்லு ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டோம். பாவோல் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் அவர் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆஸ்திரியாக்காரர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அடுத்த வாரமே பயணம். கால் தேறிவிட்டது, எல்லாம் உன்னால்தான் என்றார்.

என்னால்தான்! நானேதான் அவரை வழியனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தேன்... அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த வியாழக்கிழமை தண்ணீர் லாரி வரவில்லை. இப்படித்தான் எனக்கு நானே பல வருடம் சொல்லி வந்தேன். இல்லை, அது பொய். லாரி வந்தது. டேங்க் நிரம்பியிருந்தது.

பொத்தல் கேன் ஒன்று ஓரமாக இருந்தது, கொட்டிவிட வேண்டிய தண்ணீரோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. தெரிந்துகொண்டேதான் தூக்கிப் போய் ஊற்றினேன்... அறை முழுவதும் அல்ல, அவர் பின்னோக்கி வந்து சட்டென்று திரும்பும் அந்த மூலையில் மட்டும்.

என்ன நினைத்தேன்? சுளுக்கினால் போதும் என்று நினைத்தேன். குறித்த நாள் தவறட்டும், இன்னும் சில மாதம் இங்கே இருக்கட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எவ்வளவு சின்ன ஆசை, பாருங்கள்! அதற்கு நான் எவ்வளவு பெரிய விலையை வைத்தேன், அதுவும் இன்னொருவர் தலையில்.

மறுநாள் செருப்பின் நாடாவை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "ஐஸ் அச்சா, முத்து?"

"அச்சா, சார்."

இந்த இரண்டு வார்த்தைதான் நான் செய்த கொலை. ஆம், கொலைதான்! ஆள் பிழைத்தார், ஆட்டக்காரர் பிழைக்கவில்லை.

செருப்பின் கத்தி அந்த மூலையில் புதைந்தது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலில் எழுந்த சத்தம், கம்ப்ரசர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. என் தோளில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அவர்தான் எனக்குத் தேறுதல் சொன்னார். கலாஸ், முத்து, கலாஸ், முடிந்தது விடு என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்திரியா கைவிட்டுப் போனது. பாவோல் தங்கினார். நான் கேட்டது அப்படியே கிடைத்தது!

கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தபடி வெள்ளிக்கிழமைதோறும் எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய செருப்பு எனக்குப் பெரிது. துணியை அடைத்து மாட்டிவிட்டார். பின்னோக்கி வா, கண்ணை எடுக்காதே என்பார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் பின்னால் போனேன். என் வாழ்வில் அதைவிட மகிழ்ச்சியான நாட்கள் இல்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறேன். செய்ததைவிட, அதன் பிறகு மகிழ்ந்ததை.

கோடை முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய நாளில், கடைசியாக ஒருமுறை ஐஸ் ரூமைப் பார்க்க வேண்டும் என்றார். கம்பை ஊன்றி நேராக அந்த மூலைக்குப் போனார். சிரமப்பட்டுக் குனிந்து, சில்லு ஒன்றைப் பெயர்த்து நாக்கில் வைத்தார். கரைகிற வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சா, முத்து," என்றார்.

அந்த ஐஸ் நல்ல ஐஸ்தான். பழையதை நான் எப்போதோ வெட்டி எறிந்திருந்தேன். ஆனால் அவர் எதைத் தேடி அந்த மூலைக்குப் போனார்? அப்போதே அறிந்திருந்தாரா? அறிந்துகொண்டேதான் எனக்குச் செருப்பை மாட்டிவிட்டாரா? அன்று வாயைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வண்டி காத்திருக்கிறது, நேரமாகிவிட்டது, வாருங்கள் சார் என்றேன்.

அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சார் வேண்டாம், பெயரைச் சொல் என்று எத்தனையோ முறை கேட்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே பாவோல் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இப்போது எந்தக் கடையில் ஜூஸ் குடித்தாலும் முதலில் ஐஸைத்தான் நாக்கில் வைக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை. நல்ல ஐஸ்தான் எப்போதும். ஆனாலும் கரிக்கிறது.