அவர் தின்னாத கீரை
கீரைக்காரியின் தோட்டத்து மண்ணைச் சோதிக்க மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வந்தார் விஞ்ஞானி. அவளும் அவரைத் தம்பி போல நினைத்து ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்புவாள். "ருசின்னா ருசி, அக்கா!" என்று மறுமாதம் வாய் கூசாமல் சொல்வார்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அலமாரி முழுக்க அவள் கீரைதான், காய்ந்து, தேதி எழுதிய காகித உறைகளில்.

"ஒருநாள்கூட சமைக்கலையா?"

"அதுல ஈயம் இருக்குக்கா, விஷம். பழைய பேட்டரி கம்பெனி இருந்த மண்ணு. ஆராய்ச்சி முடியட்டும்னுதான் சொல்லல."

"என் மக தினமும் திங்கிறாளேய்யா! அவளையும் காயவெச்சு உறையில போட்டுக்குவியா?"

குடையை வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மகள் சோற்றில் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கினாள்.