அந்தோணி எழுதிய மறுப்பு

விம்கோ நகரில் பஸ் ஏறியதும் போனைத் திறந்தேன்.

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஒரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு, ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு புது வசதிக்கு நிரல் எழுதி அனுப்பியிருந்தேன். தமிழ்ப் பெயரை எழுத்து மாற்றி எழுதியிருந்தாலும் அது தேடி எடுத்துவிடும்.

அதை உருவாக்கும் குழுவின் பொது மின்மடலில் முதல் பதில்: "இது தேவையில்லை. சேர்க்க வேண்டாம்."

எழுதியவன் அந்தோணி, அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான். கொருக்குப்பேட்டைக்காரன், கல்லூரியிலிருந்தே என் தோஸ்து. போன வாரம் என் வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது மாமு, அனுப்பிடு" என்றவன்.

டோல்கேட்டில் இறங்கி போன் போட்டேன்.

"இன்னாடா இது?"

"பேஜார் ஆவாத மாமு. எங்க கம்பெனி இத்தத்தான் துட்டுக்கு வித்துகினு கீது. நீ சும்மா குட்த்தா என் வேலை இன்னா ஆவும்?"

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

வைத்துவிட்டான்.

அங்கேயே நின்று பொது மடலில் எழுதினேன்: "உங்கள் நிறுவனம் இதே வசதியை விற்கிறது என்பதையும் குழுவுக்குச் சொல்லுங்கள்."

சற்று நேரத்தில் முகம் தெரியாத ஒருவர், "நான் சோதித்துப் பார்க்கிறேன்" என்று பதில் போட்டார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு ராயபுரத்தில் அந்தோணி மகனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான்தான். போகட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.