தட்டைப் பிடித்த மெம்பர்

எங்கள் மெம்பர் நாகலிங்கத்தைப் பற்றிக் கேட்டால் நான் நல்லதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். தெரணியகலைக்குக் கீழே இதே ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் ஒரு நாளும் பால்வெட்டும் கத்தியைத் தொட்டதில்லை. டவுனில் கடை வைத்தார், சங்கத்தில் சேர்ந்தார், சங்கத் தலைவர் கம்பெனியோடு சமாதானம் ஆனார் என்று சண்டைபோட்டுப் பிரிந்தார். அந்த வாய்க்கே பிரதேச சபைக்கு ஓட்டு விழுந்தது. சபையில் சிங்களத்தில் "மாத்தயா, மாத்தயா" என்று குழைவார். எங்களிடம் வந்தால் மட்டும் சிங்கம்.

போன வருஷம், நாங்கள் கொடுக்க வேண்டிய பாலின் அளவைக் கம்பெனி கூட்டியது. வேலைநிறுத்தம் செய்தோம். மெம்பர் முனியாண்டி கோயிலில் தட்டில் சூடம் ஏற்றி, கூட்டியதை முழுசாகக் குறைக்கும்வரை கத்தியைத் தொட மாட்டோம் என்று ஒவ்வொருவரையும் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ்தான் முதலில் அடித்தார்.

அடுப்பு எரியாத வீடுகள் பெருகியபோது சங்கம் சமாதானம் பேசியது. கூட்டியதில் பாதி குறையும். திங்கட்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்காதவருக்கு வேலை இல்லை. மெம்பர் லயம் லயமாக வந்து, சமாதானத்துக்குப் போகிறவன் சோற்றில் உப்புப் போட்டுத் தின்னாதவன் என்று ஏசினார். சனம் கேட்கவில்லை. பூசாரிக்குச் சேவல் கொடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சத்தியத்தைக் கழித்துவிட்டு வேலைக்குப் போனது. நானும் போனேன். என் மனுஷன் மட்டும் அசையவில்லை.

"அடிச்ச கை, கலைச்செல்வி. தண்ணி தெளிச்சா போயிருமா?" என்றார்.

பேரை வெட்டிவிட்டார்கள். இப்போது எம்பிலிப்பிட்டியவில் மூட்டை தூக்குகிறார். மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். எங்கள் சின்ன மகள் அவரிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறாள். மெம்பருக்கு என்ன போயிற்று? அவர் பேரைத்தான் பெரட்டில் யாரும் கூப்பிடுவதில்லையே.

போன வாரம் மறுபடி கோயிலுக்கு வந்தார். அடுத்த போராட்டமாம். தட்டில் சூடம் எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அன்றைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, இவர் அடிக்கவே இல்லை. நேரே போய்த் தட்டை வாங்கினேன்.

"இந்தத் தடவ நான் புடிக்கிறேங்க, மெம்பரே. நீங்க அடிங்க."

சனம் முழுவதும் பார்த்தது. சூடம் தானாக எரிந்து அடங்கும்வரை பிடித்திருந்தேன். அவர் கை காற்சட்டைப் பைக்குள் போனது, வெளியே வரவில்லை.