மச்சம் இல்லாத பதினாறு படங்கள்

அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஒரு முகம் திரையில் வந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. பரு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவான். வாங்கிப் போகிறவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "நான்தானா இது?" என்பார்கள். "நீங்கதான். நல்லா தூங்கி எழுந்த நீங்க," என்பான்.

அண்ணியும் விசா படத்துக்காக அங்கே வந்தவள்தான். வேறு நாட்டுக்காரி. இங்கே ஒரு கம்பெனியில் இரண்டு வருட வேலை. காது தெரியவில்லை, பல் தெரிகிறது என்று அண்ணன் அவளை மூன்று முறை வரவழைத்தான். விசா படத்தில் கைவைக்கக் கூடாது என்பதால் எடுத்தபடியே கொடுத்தான். அவளை அவன் திருத்தாமல் கொடுத்த ஒரே படம் அதுதான் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம். இந்த மாதக் கடைசியில் அவள் வேலையும் விசாவும் சேர்ந்து முடிகின்றன. அதற்குள் மனைவி என்ற முறையில் தங்க அனுமதி வராவிட்டால், அவள் தன் ஊருக்குப் போய் அங்கிருந்து மனுப் போட வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டோம். மூன்றாம் கவுன்ட்டரில் ஆறு வாரம் என்றார்கள். ஏழாம் கவுன்ட்டரில் இரண்டு வருடம். நடுவில் ஐந்தாம் கவுன்ட்டர்க்காரர், "அதெல்லாம் மூணுல கேளுங்க," என்றார்.

மனுவோடு, தம்பதியர் வீட்டில் சேர்ந்திருக்கும் இயல்பான படங்கள் பதினாறு வேண்டும் என்று போட்டிருந்தது. அண்ணன் டைமர் வைத்து எடுத்தவற்றில் பதினாறைப் பொறுக்கினான். ஒரு ஞாயிறு முழுக்க ஸ்டுடியோவில் உட்கார்ந்து பிரிண்ட் போட்டு, உறையை ஒட்டியே கொண்டுவந்தான். அண்ணி உறைமேல் கையெழுத்துப் போட்டாள். உள்ளே இருப்பதை யாரும் பார்க்கவில்லை. போட்டோகிராபர் வீட்டில் போட்டோவை யார் சரிபார்ப்பார்கள்?

விசாரணைக்கு, ஒரே வீட்டில் இருக்கும் சொந்தக்காரன் என்று என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அண்ணி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார, நாங்கள் இருவரும் உள்ளே போனோம். அதிகாரி அம்மா பாஸ்போர்ட்டையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்ல கன்னத்துல மச்சம் இருக்கு. இந்தப் பதினாறுலயும் இல்ல. இதுல இருக்கறது யாரு சார்?"

"என் வீட்டுக்காரிதான் மேடம். நான் எடுத்துட்டேன்."

"எதை?"

"மச்சத்தை."

"ஆபரேஷனா?"

"இல்ல மேடம், மவுஸ்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. மச்சம் எந்தப் பக்கம்?"

அண்ணன் இடது கையைத் தூக்கினான். இறக்கிவிட்டு வலது கையைத் தூக்கினான். "படத்துலயா மேடம், ஆள்லயா?"

"என்ன சார் கேக்கறீங்க?"

"படத்துல நமக்கு இடப்பக்கம்னா ஆளுக்கு வலப்பக்கம். நான் ஆளை..." என்று வெளியே திரும்பப் போனான்.

"திரும்பாதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். தினமும் அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கும் அந்த நிமிடம் எந்தக் கன்னமும் ஞாபகம் வரவில்லை. இருப்பது கன்னத்தில்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி அண்ணியை உள்ளே அழைத்து, படங்களை அவள் முன் தள்ளினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"இந்தச் சுவர்ல தண்ணிக் கறை இருக்கும்," என்றாள் மெதுவாக. "மாடிக் குழாய் ஒழுகுது. அதை எடுத்துட்டாரு. இங்க ஃபேன் ஒயர் தொங்கும். இது சமையல்கட்டு, ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு தம்பி அட்டை ஒட்டிச்சு. அட்டை இல்ல. இவர் நெத்தியில நரைமுடி நாலு இருக்கும். தனக்கும் எடுத்துக்கிட்டாரு." கடைசிப் படத்தில் விரல் நின்றது. "இங்க நான். எனக்கு இங்க இருக்கும்." தன் வலது கன்னத்தைத் தொட்டாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

அதிகாரி வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குப் புரியவில்லை.

"ஒரிஜினல் வச்சிருக்கீங்களா சார்?"

"கேமரா கார்டுல இருக்கு மேடம். ஆனா அதெல்லாம் அழுக்கா இருக்குமே."

"அழுக்கோட வியாழக்கிழமை கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள்: "அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?"

"ஐயோ, அப்படி இல்லம்மா. எல்லாருக்கும் செய்யறதுதான்."

"நான் எல்லாருமா?"

பஸ் வரும்வரை அவள் என் பக்கத்தில் நின்றாள்.

வியாழக்கிழமை கறை, ஒயர், அட்டை, நரை, மச்சம் எல்லாவற்றோடும் போனோம். அதிகாரி பார்த்துவிட்டு ஒரு தாளில் முத்திரை குத்தினார். முடிவு தெரியும்வரை அண்ணி இங்கேயே தங்கலாம். முடிவு எப்போது தெரியும் என்றோம். ஏழாம் கவுன்ட்டரில் கேட்கச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

அந்தத் தாளில் ஒட்டப் புதுப் படம் வேண்டும். அண்ணி ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் எடுத்து, திரையில் போட்டான். கை தன்னால் மவுஸுக்குப் போய், பாதியில் நின்றது.

"திரையைப் பார்க்காம சொல்லுங்க," என்றாள் அவள். "எந்தப் பக்கம்?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் யோசித்தான். "வலது," என்றான்.

"யாருக்கு?"

"உனக்கு," என்றான். ஒரு கண்ணை மட்டும் திறந்து, சரிதானா என்று என்னைப் பார்த்தான்.