மூன்று சீட்டும் என் வலது கையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்து கோணும், நடந்தது முன்பின்னாக வரும், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை கொண்டை போடக் கையைத் தூக்கினேன். வலது தோள்பட்டையில் சுள்ளென்று பிடித்தது. அன்றிலிருந்து கை காதுக்கு மேலே போக மறுத்தது. நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஜாக்கெட் மாட்டவே கால் மணி நேரம் ஆனதைப் பார்த்து மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். என் பயம் ஒன்றே ஒன்றுதான். என் தலையை நானே முடிந்து, என் துணியை நானே உடுத்த வேண்டும். அதற்கும் இன்னொருத்தர் முன்னால் போய் நிற்பதென்றால் கூச்சத்திலேயே செத்துப்போவேன்.

முதலில் யாரிடம் காட்டுவது என்று வீட்டில் சண்டை. காளவாசலில் எலும்பு டாக்டர் இருக்கிறார், நடந்தே போகலாம் என்றான் மகன். பக்கத்துத் தெருவில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் போகலாம் என்றாள் மருமகள். என் வீட்டுக்காரரின் அக்கா, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டையும் தள்ளிவிட்டார். எழுமலைப் பக்கம் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் அவருக்குப் பழக்கம்.

"டாக்டர்ட்ட போனா ஊசி, அப்புறம் ஆபரேசன். எக்சர்சைஸாம்ல எக்சர்சைஸ்! இந்த வயசுல இவ என்ன கபடி ஆடவா போறா?"

"தலை முடியிறதுக்கு, பெரியத்தை" என்றாள் மருமகள்.

"வாயைப் பாரு!"

என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பிசியோதெரபி அம்மாவிடம் போகத்தான் ஆசை. பொம்பளை, அதனால். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் எனக்கு என்மேலும் கோபம் உண்டு.

எங்கள் வீட்டில் முடிவுக்கு வராத காரியத்தைச் சீட்டுப் போட்டு ஆண்டவரிடம் விட்டுவிடுவது வழக்கம். மகனுக்குப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான். அன்று குடும்ப ஜெபத்தில் நாத்தனாரே மூன்று சீட்டு எழுதி, மடித்து, டம்ளரில் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார்.

"ஒன் கைக்குத்தான பாக்குறோம். நீயே எடு."

இடது கையால் எடுத்தேன். எழுமலை என்று இருந்தது. "ஆண்டவர் சொன்னப்புறம் மத்ததப் பிரிக்கக் கூடாது" என்று சொல்லி, மீதி இரண்டையும் எங்கள் வேதாகமத்தின் உறைக்குள் செருகிவிட்டார்.

வைத்தியர் வாசலில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோளைக் காட்டச் சொன்னதும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் வெடுக்கென்று இழுத்தார். "என்னத்தா, இப்பத்தான் வயசுக்கு வந்த மாதிரி வெக்கப்படுற?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, கையை மாரோடு சேர்த்துக் கட்டினார் வைத்தியர். அசைக்கவே கூடாது, எட்டு நாள் கழித்து மாற்ற வேண்டும் என்றார். இப்படி மூன்று கட்டு. ஒவ்வொரு தடவையும் எழுமலைக்குப் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். உடைந்த எலும்புக்கு அந்தக் கட்டு நல்லதாகவே இருக்கலாம். என் எலும்பு உடையவில்லையே.

கடைசிக் கட்டைப் பிரித்தபோது கை நெஞ்சுக்கு மேலேயே எழும்பவில்லை. பிறகுதான் மருமகள் பிடிவாதமாகப் பிசியோதெரபி அம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"இத அசைச்சு அசைச்சுத்தாம்மா எளக்கணும். கட்டிப்போட்டா இன்னும் இறுகிரும். மொதல்ல எங்க போனீங்க?"

எழுமலைக் கட்டைப் பற்றி மருமகளே சொன்னாள்.

சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொன்னார். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அத்தனை மாதமும் மருமகள்தான் எனக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது வேதாகம உறைக்குள்ளிருந்து அந்த இரண்டு சீட்டும் விழுந்தன. பிரித்தேன். ஒன்றில் எழுமலை. இன்னொன்றிலும் எழுமலை.

அடுத்த குடும்ப ஜெபத்துக்கு நாத்தனார் வந்தபோது இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"என்னடி இது?"

"நீங்க எழுதுனதுதான் மதினி. மூணுலயும் ஒரே ஊரு."

"ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அஞ்சாப்புப் படிச்சவ, ஒனக்கு என்ன தெரியும்?"

"எழுமலைன்னு வாசிக்கத் தெரியும் மதினி."

மகன் சிரிப்பை விழுங்கினான். நாத்தனார் முகம் கறுத்துவிட்டது. "ஆண்டவர்தான் என்னைய அப்படி எழுத ஏவுனாரு" என்றார்.

"அப்ப மன்னிப்பையும் அவர்ட்டயே கேட்டுக்கங்க. என்கிட்ட வேணாம்."

அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் தைலம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். கிரீச்சென்று கத்தும் கொல்லைக் கதவுக்குப் போட்டேன். கதவு இப்போது சுகமாகத் திறக்கிறது.

ஜாக்கெட்டை நானே மாட்டிக்கொள்கிறேன். கை காது வரை எட்டுகிறது, பின்மண்டைக்கு இன்னும் எட்டவில்லை. கொண்டை மருமகள் போடுவதுதான். சுவரில் கடைசிக் கோடு விழுந்து இரண்டு வாரம் ஆகிறது.

கட்டு மூன்றா நான்கா, எட்டு நாளா பத்து நாளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மருமகள் இதை ஒரு தடவை படித்துப் பார்த்துச் சரி செய்யட்டும். சீட்டைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்க வேண்டாம். இரண்டையும் ஊசிநூல் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.